வலை, மூடி, பேரிங்: எதை எதோட சேர்ப்பது?

கழித்துப்போட்ட பொருட்களில் சிற்பமும் சுவர்ப்படமும் செய்யும் வடசென்னைக்காரர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

காசிமேட்டிலிருந்து: அண்ணே, ஹார்பர்ல பழைய வலை மூட்டை மூட்டையா கெடைக்குது. பலகையில ஃபெவிகால் போட்டு ஒட்டுனா ரெண்டு நாள்ல உரிஞ்சி வருது. சாயமும் ஏற மாட்டேங்குது.

பதில்: முதல்ல அது எந்த இழைன்னு பாருங்க தம்பி. ஒரு வாளித் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, வலைத் துண்டை உள்ளே அமுக்கிக் கசக்குங்க. காத்துக்குமிழ் எல்லாம் வெளியேறணும், இல்லன்னா கண்ணை ஏமாத்திடும். மூழ்கினா பெரும்பாலும் நைலான். மிதந்தா பாலிஎதிலீன், இல்ல பாலிபுரோப்பிலீன். மிதக்கிற இழையில பசையும் பிடிக்காது, சாயமும் ஏறாது. பசை காய்ஞ்சு தோல் மாதிரி தனியா கழண்டுடும். அதை ஒட்டவே பார்க்காதீங்க. பலகையில 5 செ.மீ. இடைவெளியில ஓட்டை போட்டுக் கட்டுங்க, அதோட சொந்த நிறத்தையே வேலைக்கு எடுத்துக்குங்க.

நைலான்னா பட்டுக்குப் போடுற ஆசிட் சாயம் நல்லா ஏறும். 100 கிராம் வலைக்கு 3 லிட்டர் தண்ணி, 50 மி.லி. வினிகர். கொதிக்க விடாம, ஆவி பறக்கிற சூட்டுல அரை மணி நேரம். தங்கூசி வலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பாத்திரத்துல அப்புறம் சமைக்கக் கூடாது. சாயத்துக்கு முன்னாடி ரெண்டு நாள் நல்ல தண்ணியில ஊற வெச்சு, நாலு தடவை தண்ணி மாத்துங்க. உப்பு மிச்சம் இருந்தா மழைக்காலத்துல வலை நசநசன்னு ஈரம் இழுக்கும். ஈயக் குண்டு இருந்தா கழட்டிட்டு கையைக் கழுவுங்க. அதை வீட்டுல உருக்கவே வேணாம்.

திருவொற்றியூரிலிருந்து: சோடா பாட்டில் மூடியில 4 அடிக்கு 3 அடி திரை பண்ணணும். எத்தனை மூடி, என்ன கம்பி?

பதில்: இடைவெளியோட ஒரு மூடிக்கு 34 மி.மீ. வெச்சா 36 வரிசை, வரிசைக்கு 27. மொத்தம் 972. உடையுறது, வளையுறதுக்கும் சேர்த்து மொத்தம் 1,100 மூடி எடுத்து வெச்சுக்குங்க. எடை ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். இணைப்பு மட்டும் 1,881. ஒண்ணுக்கு 5 செ.மீ.ன்னா 94 மீட்டர் கம்பி. மோட்டார் காயில் கட்டுற கடையில 24 கேஜ் செம்புக் கம்பி கேளுங்க.

மூடியைக் கட்டையில வெச்சு, பெயின்ட் இருக்கிற பக்கத்துலேர்ந்து 2 மி.மீ. ஆணியால அடிங்க. பிசிறு உள்பக்கம் போயிடும், கை கிழியாது. ஓட்டை விளிம்புலேர்ந்து 4 மி.மீ. உள்ளே இருக்கணும். கம்பியை மூணு முறுக்குக்கு மேல முறுக்காதீங்க. செம்பு முறுக்க முறுக்க விறைச்சு, கடைசியில ஒடியும். முக்கியமா, ஒவ்வொரு இணைப்புலயும் 2 மி.மீ. தொங்கல் விடுங்க. இறுக்கிக் கட்டினா அது தகரப் பலகை, துணி இல்ல. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த சிற்பி எல் அனட்சுயி மது பாட்டில் மூடிகளைச் செம்புக் கம்பியால கோத்துப் பண்ணுற பெரிய விரிப்புகள் சுவர்ல மடிப்பு மடிப்பா விழுறது இந்தத் தொங்கலாலதான்.

வீட்டுக்குள்ளதான் மாட்டணும். கடல் காத்துல செம்பு தொடுற இடத்துல இரும்பு மூடி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வியாசர்பாடியிலிருந்து: காயலான் கடை பேரிங்கையும் பைக் செயினையும் வெல்டு வெச்சு மீன் பண்றேன். வெல்டு வெச்சது நல்லாத்தான் இருக்கு, ஆறினதும் 'டிக்'னு விடுது.

பதில்: பேரிங் வளையம் கார்பன் அதிகமான எஃகு. சட்டுனு சூடாகி சட்டுனு ஆறினா வெல்டு ஓரம் கண்ணாடி மாதிரி ஆயிடும், விரிசல் விடும். பேரிங்கை வெல்டு பண்ணாம, சாதா இரும்புக் கம்பியில ஒரு கூண்டு கட்டி அதுக்குள்ள உக்கார வைங்க. உங்க மீனுக்குக் கண்ணா அது உருளவும் செய்யும்.

செயின்ல இருக்கிற கிரீஸை மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணி ரெண்டுலயும் கழுவிக் காய வைக்கணும். இல்லன்னா வெல்டுல பொத்தல் பொத்தலா வரும். நாகப்பூச்சு (ஜிங்க்) போட்ட குழாயை, பூச்சை உரசி எடுக்காம வெல்டு வெக்காதீங்க: வெள்ளைப் புகை வரும், அன்னைக்கு ராத்திரியே குளிர்ஜுரம் அடிக்கலாம். ஷாக் அப்சார்பரைத் தொடவே தொடாதீங்க. மூடின குழாய்க்குள்ள எண்ணெயும் காத்தும் சூடாகி வெடிக்கும், உயிர் போற விஷயம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, பேப்பர் கூழ்ல யானை முகமூடி செஞ்சேன். வெளியே காஞ்சிருக்கு, உள்ள கறுப்பா பூஞ்சை.

பதில்: ஒரே தடவையில கனமா அப்பியிருப்பீங்கம்மா. ஒரு பூச்சு 3 மி.மீ., அது முழுசா காஞ்ச பிறகு அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில ஆரம்பிக்காதீங்க. ஒரு கிலோ பேப்பரை ராத்திரி ஊற வெச்சு, அரைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, கால் கிலோ புளியங்கொட்டை மாவுல காய்ச்சின பசையைச் சேருங்க. பூச்சி வராம இருக்க போஸ்டர் ஒட்டுறவங்க பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவாங்க. அது விஷம். முகத்துல மாட்டுற பொருளுக்கு வேண்டாம். வேற சிற்பத்துக்குப் போட்டாலும் பிளாஸ்டிக் வாளியில கரைங்க. இரும்பு வாளியில செம்பு படிஞ்சு வாளியே ஓட்டை விழும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் தைச்சா தையல் வழியாவே கிழியுது.

பதில்: தையல் நெருக்கமா விழுது, தபால் தலை ஓரம் மாதிரி. ஒரு தையலுக்கு 4 மி.மீ. வைங்க, ஊசி 18. ஓரத்தை ரெண்டா மடிச்சுத் தைங்க. மிச்சத்தை எரிக்காதீங்க, அமிலப் புகை வரும்.

எண்ணூரிலிருந்து: மொட்டை மாடிச் சுவர்ல உடைஞ்ச வளையல் பதிக்கணும், ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது.

பதில்: சண்டிகர்ல நேக் சந்த் உடைஞ்ச வளையல்ல உருவாக்கின சிற்பங்களை 1976இல இருந்து மக்கள் பார்க்கிறாங்க. அவரும் சிமென்ட்லதான் பதிச்சார். ஒரு பங்கு சிமென்ட், மூணு பங்கு சலிச்ச ஆத்து மணல். கடல் மணல் வேண்டாம், உப்பு பூத்துத் தள்ளிடும். சுவரை முதல்ல நனைங்க. பூசின அரை மணி நேரத்துக்குள்ள வளையல் கனத்துல பாதிக்கு மேல உள்ளே போகிற மாதிரி அழுத்துங்க. பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணி தெளிங்க.