பஸ், பூங்கா, கண்மாய்க்கரை: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

மதுரைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பியவற்றில் இந்த முறையும் பஸ் கேள்விகள்தான் முன்னால் நிற்கின்றன. அதற்கடுத்து பூங்கா, கண்மாய்க்கரை, ஆஸ்பத்திரி. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பக்கத்தை மட்டும் போட்டிருக்கிறேன். உள்ளூரில் மனு கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதுதான் தோது.

எங்கள் ஊருக்குக் காலையில் வந்துகொண்டிருந்த டவுன் பஸ் கொரோனா சமயத்தில் நின்றது, திரும்ப வரவே இல்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்குப் போகிறார்கள். மனு மேல் மனு கொடுத்தாயிற்று. (மேலூர் பக்கம், ஒரு வாசகி)

மனுவின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. "எங்கள் கிராமத்துக்குப் பேருந்து வசதி செய்து தருமாறு" என்று தொடங்குகிறது. சிக்கலே அந்த வரியில்தான். நீங்கள் கேட்பது புது வசதி இல்லை, ஏற்கெனவே ஓடிய ஒரு நடை, அதாவது ஒரு டிரிப். அதைத் தடம் எண், எந்தக் கிளையின் (டெப்போவின்) வண்டி, எத்தனை மணிக்கு வந்தது, எந்த வருடம் நின்றது என்று விவரமாக எழுதுங்கள். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒன்று, கழகத்தின் மதுரை கோட்ட அலுவலகத்துக்கு நகல் ஒன்று. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்தாலும் அது சுற்றிச் சுற்றி அதே கிளைக்குத்தான் வந்து சேரும்.

இரண்டாவது, ஆளை எண்ணுங்கள். ஒரு பழைய நோட்டை எடுத்து நாலு கட்டம் போடுங்கள்: மணி, நின்றவர்கள் எத்தனை பேர், எங்கே போகிறார்கள், கடைசியில் எதில் போனார்கள். ஒரு வாரம் காலையிலும் சாயங்காலத்திலும் ஸ்டாப்பில் யாராவது ஒருவர் நின்று குறித்தால் போதும். நடந்து போனவரையும், பைக்கில் தொற்றிக்கொண்டு போனவரையும், ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தவரையும் விடாமல் எழுதுங்கள். பஸ்ஸே வராத ஊரில் பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்பது எந்த ஆபீஸ் கணக்கிலும் இருக்காது. அதை நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

"அந்த ரூட்டில் வசூல் இல்லை" என்ற பதில் வரலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது. அதனால் கண்டக்டர் பையில் விழும் சில்லறையை மட்டும் வைத்து ஒரு ரூட்டை எடைபோடுவது இப்போது சரியான கணக்கில்லை. இதைப் பணிவாகவே சொல்லலாம்.

மூன்றாவது, யாரும் மனுவில் எழுதாதது. பஸ் திரும்ப இடம் இருக்கிறதா? ஊருக்குள் வந்த வண்டி ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பிப் போக வேண்டும். மந்தையில் முன்பு திரும்பிய இடத்தில் இப்போது யாராவது மணல் கொட்டியிருப்பார்கள், ஷெட் போட்டிருப்பார்கள். வழியில் புளியங்கிளை கூரையில் உரசும், மின்கம்பி தாழ்ந்து தொங்கும். டிரைவர் இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மெயின் ரோட்டு விலக்கிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஊரிலிருந்து பஸ் போனதற்குக் காரணம் பல இடங்களில் இவ்வளவுதான். ஊராட்சியில் சொல்லி இதைச் சரிசெய்து, போட்டோவோடு மனுவை வையுங்கள்.

புது பஸ் என்று கேட்காமல், மெயின் ரோட்டில் போகும் ஒரு வண்டியைக் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை உள்ளே திருப்பிவிடும்படி கேட்பது இன்னும் எளிது. போக வர நாலு கிலோமீட்டர்தான் கூடும். அதுவும் நடக்கவில்லை என்றால் மினி பஸ். 1997இல் வந்த மினி பஸ் திட்டத்தை மாற்றி 2025இல் புதுத் திட்டம் வந்திருக்கிறது. வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் பெரும்பகுதி பஸ்ஸே போகாத சாலையாக இருக்க வேண்டும். அது தனியார் வண்டி, பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வருகிறேன். ரயில் இருந்தும் பிரயோஜனம் இல்லையே?

அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற மதுரை-போடி ரயில், 2022இல் தேனி வரைக்கும் 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் ஓடத் தொடங்கியபோது காலையில் மதுரையிலிருந்து கிளம்பி, சாயங்காலம் திரும்புவதாக நேரம் வைத்தார்கள். மதுரையிலிருந்து தேனிக்கு வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்தும். உங்களுக்கு அப்படியே தலைகீழ். ராத்திரி ரயில் பெட்டி எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்குத்தான் காலை ரயில் வாய்க்கும். டவுன் பஸ்ஸின் நைட் ஹால்ட்டும் இதே சங்கதிதான். ஆகவே "கூடுதல் ரயில்" என்று கேட்காதீர்கள். ஒரு ரயில் இரவு போடியில் தங்கி, காலை ஒன்பதுக்குள் மதுரை வந்து சேர வேண்டும் என்று கேளுங்கள். எம்.பி. மூலமாகவும், கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு மூலமாகவும், கால அட்டவணை மாறுவதற்கு முன்பாகவே.

மெட்ரோ வருமா? அதை நம்பித் திருமங்கலத்தில் வீடு வாங்கலாமா?

மெட்ரோவை நம்பி வாங்காதீர்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்ட அறிக்கை போனது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கையின்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரத் தொகுப்புக்கே 14.6 லட்சம்தான் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2011 கணக்கை வைத்து இன்றைய மதுரையை அளப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கடன் உங்களுடையது. இன்றைக்கு இருக்கும் பஸ்ஸும் ரயிலும் உங்கள் வேலைக்கு ஒத்து வந்தால் வாங்குங்கள், மெட்ரோ பெயரைச் சொல்லி ஏற்றும் விலைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

மெட்ரோ வருகிறதோ இல்லையோ, தேனியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர் ஆரப்பாளையத்தில் இறங்கி, மூட்டையோடு டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போகிறாரே, அதற்கு மெட்ரோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நிற்காமல் போகும் வண்டியும், ஊரிலிருந்து எடுத்த டிக்கெட்டே அதற்கும் செல்லும் ஏற்பாடும் போதும்.

பிளாட் வாங்கியபோது லேஅவுட் படத்தில் பச்சையாகப் பூங்கா காட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் கோயில் கட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு. ஒருவரும் எதிர்க்கவில்லை. நான் மட்டும் கெட்டவன் ஆகிறேன். (ஊமச்சிகுளம் பக்கம்)

கெட்டவர் ஆனாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்வதுதான் சரி. முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். 2019 கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 74 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். அதற்கு மேல், சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், நிலமாகவே விட்டாக வேண்டும். அந்த நிலத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் மனைப்பிரிவுக்கே இறுதி ஒப்புதல். 2019க்கு முந்தைய மனைப்பிரிவாக இருந்தால் அந்தந்தக் காலத்து விதி.

ஆகவே அது சங்கத்தின் இடமில்லை, மனை போட்டவரின் இடமும் இல்லை. ஊராட்சியின் இடம். எல்லாரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டாலும் அடுத்தவர் நிலத்தில் கட்டுவதாகத்தான் ஆகும். பூங்காவுக்கு விட்ட இடத்தை வேறெதற்கும் திருப்பக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பூங்கா, விளையாட்டுத் திடல்களைக் காக்க 1959லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு.

செய்ய வேண்டியது: ஒப்புதல் எண்ணை வைத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முத்திரை வைத்த படத்தின் நகல் வாங்குங்கள். பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப் பத்திரம் தெரியும். இரண்டையும் வைத்து, கம்பி வேலியும் பெயர்ப்பலகையும் போடச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். பலகை நின்றுவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். சங்கத்தில் கோயிலை எதிர்த்துப் பேசாதீர்கள். பிள்ளைகள் விளையாட வேறு இடம் எது என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்களுடையது அங்கீகாரமே இல்லாமல் போட்டு, பிறகு 2017 திட்டத்தில் வரன்முறைப்படுத்திய மனையாக இருந்தால், பூங்காவுக்கான பங்கைப் பணமாகக் கட்டியிருப்பார்கள். அப்போது புரோக்கர் காட்டிய பச்சை வெறும் பெயிண்ட்தான்.

வரைவு முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) எங்கள் பட்டா நிலத்தின் நடுவே ரோடு காட்டியிருக்கிறார்கள். நிலம் போய்விட்டதா? (அவனியாபுரம் தாண்டி)

போகவில்லை. 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்ட பிறகு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். "எங்கள் வாழ்வாதாரம்" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, புலப்படத்தில் (நில அளவைப் படத்தில்) கோடு போட்டு, பக்கத்திலேயே இருக்கும் வண்டிப்பாதை வழியாக ரோட்டை எப்படிக் கொண்டு போகலாம் என்று காட்டுவது பலன் தரும். திட்டம் போடுகிறவருக்கும் ஒரு மாற்று கையில் வேண்டும். அப்புறம், அரசிதழ் அறிவிப்பு வந்து 3 ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை இல்லை என்றால் அந்த ஒதுக்கீடு விலகியதாகக் கருத வேண்டும் என்று அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. தேதிகளைக் குறித்து வைத்து, வக்கீலிடம் அந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

வண்டியூர்க் கண்மாயில் இருப்பதுபோல எங்கள் கண்மாய்க்கரையிலும் நடைபாதை கேட்கலாமா?

கேட்கலாம். கண்மாய் யார் கையில் என்று பார்த்துக் கேளுங்கள். ஆயக்கட்டு (கண்மாய் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது நூறு ஏக்கருக்கு, மேலிருந்தால் நீர்வளத்துறை. கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். வயலெல்லாம் பிளாட்டாகி ஆயக்கட்டே இல்லாத கண்மாய்களும் மதுரையைச் சுற்றி இருக்கின்றன, ஆனாலும் பதிவேட்டில் உள்ளபடிதான்.

கரைமேல் நடக்க மண்பாதை, உட்கார நாலு திண்டு, வெளிப்புறச் சரிவில் விளக்கு. இதோடு நிறுத்திக்கொண்டால் கண்மாய்க்குக் கெடுதல் இல்லை. உணவகம், படகு, நீரூற்று என்று பட்டியல் நீளும்போதுதான் பயமாக இருக்கிறது. நீர் நிற்கும் பக்கம் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது. தண்ணீர் திறக்கும் மடையையும், மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கையும் மறைத்து எதுவும் கட்டக்கூடாது. கலுங்குக்குக் கீழே போகும் வாய்க்கால் அடைபட்டால், அடைமழையில் வாக்கிங் வந்தவர் வீட்டுக்குள்தான் தண்ணீர் போகும். பைக் ஏறாதபடி கரையின் இரண்டு முனையிலும் கல்தூண் நடச் சொல்லுங்கள். கழிப்பறையை மறக்காமல் கேளுங்கள், அதைக் கரைக்கு வெளியே.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அரிட்டாபட்டி போகலாமா?

தாராளமாக. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், மீனாட்சிபுரமும் சேர்த்து 193.42 ஹெக்டேர். குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து எல்லாம் உண்டு. டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊரே திரண்டு நின்று, 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்த மண் அது. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள். பாறை உச்சிகளில் ராஜாளிகள் கூடு வைக்கும், ஸ்பீக்கரும் டிரோனும் வேண்டாம். சாப்பாட்டு இலையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

ஊராட்சியில் இடம் தருகிறோம் என்கிறோம், ஆரம்ப சுகாதார நிலையம் தர மறுக்கிறார்கள். (கள்ளிக்குடி பக்கம்)

இடம் இருப்பது நல்லது, ஆனால் அவர்கள் பார்ப்பது தலைக்கணக்கை. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நடைமுறை அளவு. உங்கள் ஊராட்சி ஒன்றுக்கு 30,000 வராது. பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து துணை சுகாதார நிலையம் கேளுங்கள். வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் எந்த நாளில் வருகிறார் என்பதைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சேர்ந்து கேட்கும் எல்லா ஊராட்சிகளிலும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த பஸ்ஸில் வந்து இறங்கலாம் என்பதும் தீர்மானத்திலேயே இருக்கட்டும். நகலை அன்றைக்கே கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் போனால் மினிட் புத்தகம் ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது என்பார்கள்.