நிலக்காட்சி ஓவியங்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ படத்தில் வண்டி ஏன் ஆற்றுக்குள் நிற்கிறது?

பதில்: வலது பக்கம் தூரத்தில் பாருங்கள், வயலில் புல் அறுக்கிறார்கள். காலி வண்டி ஆற்றைக் கடந்து அங்கேதான் போகிறது. வெயிலில் காய்ந்த மரச்சக்கரம் தண்ணீரில் ஊறினால் இரும்புப் பட்டை இறுகும், அதற்காகவும் இறக்கியிருக்கலாம் என்பார்கள். இடம் இங்கிலாந்தின் சஃபோக், ஸ்டவுர் ஆறு. கான்ஸ்டபிளுடைய அப்பாவின் மாவு ஆலைக்குப் பக்கம்.

கேள்வி: ஆற்றங்கரையில் உட்கார்ந்தே வரைந்தாரா?

பதில்: இல்லை. ஆறடி அகலப் படம் அது. வெளியில் சின்னச் சின்னதாக வரைந்து எடுத்துக்கொண்டு, 1821-இல் லண்டனில் முடித்தார். அதற்கும் முன்னால் அதே அளவில் ஒரு முழு முன்வரைவு வேறு! ஆனால் மேகம் என்றால் ஆள் கறார். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வானத்தைப் பார்த்தே வரைந்து, தாளின் பின்னால் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் குறித்துவைத்தார். 1824-இல் பாரிஸ் கண்காட்சியில் ‘வைக்கோல் வண்டி’க்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

கேள்வி: அப்படியானால் வெளியிலேயே வரைவது எப்போது சுலபமானது?

பதில்: சாயம் ட்யூபில் வந்த பிறகு. அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள்; ஒரு தடவை குத்தித் திறந்துவிட்டால் சரியாக மூட முடியாது. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்காக, பிரெஞ்சு ஓவியர் மோனே எல்லாவற்றையும் வயலிலேயே முடித்தார் என்று நினைக்காதீர்கள். வைக்கோல் போர் வரிசையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தியிருக்கிறார்.

கேள்வி: அமெரிக்க ஓவியர் ஃபிரெடெரிக் சர்ச் வரைந்த ‘ஆண்டிஸின் இதயம்’ உண்மையில் எந்த இடம்? போய்ப் பார்க்க ஆசை.

பதில்: போக முடியாது, அப்படி ஓர் இடமே இல்லை. 1853-லும் 1857-லும் தென் அமெரிக்காவில் அலைந்து, பனிமலை, அருவி, காடு என்று தனித்தனியாக வரைந்ததையெல்லாம் நியூயார்க்கில் ஒன்றாகச் சேர்த்தார். ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு செடியும் அவர் கூர்ந்து பார்த்த செடி. மலைச்சாரலின் அடி முதல் உச்சி வரை ஒரே பார்வையில் காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம், ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டைப் படித்ததால் வந்தது. 1859-இல் 25 சென்ட் கட்டணத்துக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள், கையில் நாடகம் பார்க்கும் சின்னத் தொலைநோக்கியோடு. பிறகு 10,000 டாலருக்கு விலைபோனது.

கேள்வி: பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்கிறேன் சார். இந்தப் படங்களில் மனிதர்கள் ஏன் எறும்பு மாதிரி இருக்கிறார்கள்?

பதில்: மலை பெரிது என்று காட்ட ஓர் அளவுகோல் வேண்டுமே. அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் 1836-இல் வரைந்த ‘ஆக்ஸ்போ’வை எழுதுங்கள். மாசசூசெட்ஸின் ஹோலியோக் மலையிலிருந்து தெரியும் காட்சி: இடப்பக்கம் புயலும் காடும், வலப்பக்கம் வெயிலும் வயலும். கீழே பாறைகளுக்கு நடுவே தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் சின்ன உருவம் கோலேதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் படம் இலவசமாகவே கிடைக்கிறது; பெரிதாக்கித் தேடுங்கள்.