ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டாம்

வணக்கம் அக்கா,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். 43 வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தைப்பொங்கலுக்குப் பிறகு எனக்கு இரவில் நித்திரையே இல்லை. விடிய ஐந்தேகாலுக்கு எழும்ப வேண்டும் என்று ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன். கண் மூடாது. பதினொரு மணிக்குக் கத்தாரில் இருந்து அவர் எடுப்பார், அங்கே அப்போது எட்டரை. வீட்டு லோன், மகனின் ஏஎல் சோதினை என்று எல்லாக் கதையும் அப்போதுதான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நாய் குரைத்தால் எழும்பிப் போய்க் கதவைப் பார்ப்பேன். இரண்டரைக்குத்தான் அயர்வேன். சனி, ஞாயிறில் பகல் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி வரை படுத்து அதை ஈடுகட்டப் பார்க்கிறேன். அம்மா பிரிட்டோன் தருகிறா. பெரியம்மா தன்னுடைய டயசிபாம் குளிசையில் பாதியைப் போடச் சொல்கிறா. பொழுது பட்டாலே பயம் வருகிறது. வயது போவதாலா அக்கா? என்ன செய்யலாம்?

ஒரு வாசகி


அன்பின் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கிற நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரவு ஒன்பதில் இருந்து விடிய ஐந்தேகால் வரை கட்டிலில் கிடப்பது எட்டேகால் மணித்தியாலம். அதில் நித்திரை மூன்று மணித்தியாலம் வந்தால் பெரிய காரியம். மிச்சம் ஐந்து மணித்தியாலமும் அந்தக் கட்டிலில் நீங்கள் செய்வது கவலைப்படுவதும் மணிக்கூடு பார்ப்பதும்தான். மாதக்கணக்காக இப்படி நடந்தால் உடம்பு அதைப் பாடமாக்கிக்கொள்ளும். கதிரையில் இருக்கையில் சொக்கிய கண், கட்டிலில் சாய்ந்ததும் திறந்துகொள்ளும். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வயதின் மேல் பழியைப் போட வேண்டாம்.

நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் வைத்தியர்கள் முதலில் சொல்வது குளிசையை அல்ல என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 2016இல் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி, நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பழக்கத்தையும் நினைப்பையும் மாற்றும் சிகிச்சையையே பரிந்துரைத்தது. வாரத்தில் மூன்று இரவாவது வராமல், அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்டது என்கிறார்கள். உங்களுடையது அந்தக் கணக்குக்குள் வருகிறது.

நித்திரை இரண்டு விஷயங்களால் வருகிறது என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற விஞ்ஞானி விளக்கினார். ஒன்று உடம்புக்குள் ஓடுகிற நாள்மணிக்கூடு. மற்றது, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறுகிற நித்திரைப் பசி. நாம் முழித்திருக்கையில் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், நித்திரையில் குறையும். ஞாயிறு பகல் மூன்று மணித்தியாலம் படுத்தால் அந்தப் பசியில் பெரும்பங்கைப் பின்னேரமே தின்று முடித்தாயிற்று. பிறகு ஒன்பது மணிக்குக் கட்டிலுக்குப் போய் என்ன கிடைக்கும்? ஈடுகட்டுவதற்கென்று நீங்கள் செய்கிற இரண்டு காரியங்களும், நேரத்தோடு படுப்பதும் பகலில் படுப்பதும், வருகிற இரவை இன்னும் கெடுக்கின்றன.

அதனால் நான் சொல்லப்போவது தலைகீழாகத் தெரியும். கட்டிலில் குறைவாகக் கிடவுங்கள். விடிய எழும்பும் நேரத்தை ஐந்தேகால் என்று வைத்து, சனி ஞாயிறிலும் தைப்பூசத்திலும் தீபாவளியிலும் அதை மாற்றாதீர்கள். நித்திரை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. எழும்புவது நம் கையில் இருக்கிறது, பிடிக்க வேண்டியது அதைத்தான். படுப்பது இரவு பதினொன்றே முக்காலுக்கு. அதற்கு முன் எவ்வளவு அலுப்பென்றாலும் கட்டில் பக்கம் போக வேண்டாம். ஐந்தரை மணித்தியாலம்தான் கட்டில். ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987இல் எழுதிய முறை இது. இதையும் ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. கட்டிலில் கிடக்கும் நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நித்திரையாக ஒரு வாரம் போனால், படுக்கும் நேரத்தைக் கால் மணித்தியாலம் முன்னுக்கு எடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி. அப்படியே ஏழு மணித்தியாலத்தை நோக்கிப் போகலாம்.

முதல் வாரம் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். பகலில் கண் சொக்கும். அந்த நாட்களில் பட்டிருப்புப் பாலத்தால் ஸ்கூட்டியில் போக வேண்டாம், பஸ்ஸில் போங்கள். வலிப்பு வருத்தம் உள்ளவர்களும், மனம் அளவுமீறி எழும்பி விழுகிற இருமுனை வருத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவருடைய அழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலைவனத்தில் வேலை முடித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எடுக்கிற மனிதனிடம் எடுக்காதே என்று யார் சொல்வது? எடுக்கட்டும். ஆனால் லோனும் ஏஎல்லும் அந்த நேரத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு நாள்தானே. நம் பின்னேரம் நாலு மணி அங்கே பகல் ஒன்றரை. பாரமான கதைகளை அந்த வெள்ளிக்கு ஒதுக்கி, ஒரு கொப்பியில் குறித்து வைத்துக் கதையுங்கள். இரவுக்குச் சாப்பாடு, பிள்ளை, ஊர்க்கதை போதும். கதைக்கையில் கட்டிலில் படுத்திருக்காமல் விறாந்தையில் இருங்கள். கொஞ்ச நாள் போய், அவர் சமைக்க முன்னம் எடுக்க முடிந்தால், நமக்கு ஒன்பதரை ஆகும். அப்போது நீங்கள் படுக்கும் நேரத்தையும் முன்னுக்கு எடுக்க வழி பிறக்கும்.

படுத்து, ஒரு இருபது நிமிடம் போயிருக்கும் என்று தோன்றியும் வரவில்லையா? எழும்பி வெளியே வந்துவிடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து இருபதை எண்ண வேண்டாம், அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மங்கலான வெளிச்சத்தில் கதிரையில் இருந்து சேலை மடிக்கலாம், தெரிந்த தேவாரத்தை வாய்க்குள் சொல்லலாம். பிள்ளைகளின் கொப்பி திருத்த வேண்டாம், போனையும் தொட வேண்டாம். கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் போய்ப் படுங்கள். திரும்பவும் வரவில்லையென்றால் திரும்பவும் எழும்புங்கள். கட்டில் என்றால் நித்திரை என்று உடம்பு மறுபடி படிக்க வேண்டும். இதை 1972இலேயே ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் சொல்லிவிட்டார். பயம் மிகுந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இருட்டில் கண்ணைத் திறந்து கிடந்தபடி, ‘நான் இன்றைக்கு முழிப்பாகவே இருக்கப் போகிறேன்’ என்று முடிவெடுப்பது. பிடிக்கிற முயற்சியை விட்டதும் பலருக்கு அது தானாக வரும்.

நாய் குரைத்தால் எழும்பிக் கதவைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் எனக்கு நெஞ்சு அடைத்தது. நம் கரையில் முழித்திருப்பது ஒரு காலம் உயிர் காத்த காரியம். 1978 கார்த்திகைச் சூறாவளியைத் தாண்டிய உங்கள் அம்மாவைக் கேளுங்கள். 1990 யுத்தத்தின்போது உங்களுக்கு எட்டோ ஒன்பதோ வயது இருந்திருக்கும். நாய் குரைத்தால் விளக்கை அணைத்து மூச்சை அடக்கின வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் நாம். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அடையாள அட்டையும் பாங்க் புத்தகமும் வைத்த பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்த பெண்களை கடலோர எழுவான்கரை முழுக்கக் கண்டிருக்கிறேன். வெள்ளாவெளிப் பக்கம் வேளாண்மைக்காரர் இன்றைக்கும் யானைக்காவலுக்கு இரவிரவாக முழித்திருக்கிறார்கள். இப்படிப் பழகின உடம்பு, வீட்டில் ஆம்பிள்ளை இல்லாத இரவுகளில் தானாகவே காவலுக்கு நிற்கும். அது உங்கள் பலவீனம் இல்லை, உடம்பின் நன்றியுள்ள வேலை. ஆனால் அந்த வேலையில் இருந்து அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பதினொன்றரைக்கு எல்லாக் கதவையும் ஒரு தரம் பூட்டிப் பாருங்கள். பூட்டியாயிற்று என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நாய் குரைத்தால் எழும்பிப் பார்ப்பது அம்மாவின் பொறுப்பு என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு எப்படியும் இரவில் இரண்டு தரம் முழிப்பு வரும்.

பழைய காட்சிகள் கனவில் வந்து உலுப்பி எழுப்புகின்றன, வியர்க்கிறது, நெஞ்சு அடிக்கிறது என்றால் அது வேறு விஷயம். அதைக் கட்டில் நேரத்தை மாற்றிச் சரிசெய்ய முடியாது, உளநல வைத்தியரிடம் போக வேண்டும்.

தேநீரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிலுள்ள கஃபீன் அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிடும். பாதி கழியவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஆறு மணிக்குக் குடித்த பிளேன்டீயில் பாதி பதினொரு மணிக்கும் உங்களுக்குள் இருக்கும். பகல் சாப்பாட்டோடு நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் வீட்டுக்கூரை நடுச்சாமம் வரை வெக்கையைக் கக்கும். நித்திரைக்கு உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். படுக்க ஒன்றரை மணித்தியாலம் முன் இளஞ்சூட்டு நீரில் குளித்தால் தோலுக்கு இரத்தம் வந்து உள்சூடு வெளியேறும். வெள்ளாப்பில் எழும்பியதும் பத்து நிமிடம் முற்றத்து வெளிச்சத்தில் நில்லுங்கள், உடம்பின் மணிக்கூடு அதைக் கொண்டுதான் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

குளிசைக்கு வருகிறேன். பிரிட்டோன் தும்மலுக்கும் சொறிக்கும் உரிய மருந்து. அதன் மயக்கம் சில நாளில் உடம்புக்குப் பழகிப்போய்க் காலையில் மந்தம் மட்டும் மிஞ்சும். பெரியம்மாவின் டயசிபாம் வைத்தியர் அவவுக்கு எழுதியது. பாதியானாலும் உங்களுக்கு வேண்டாம். பழகினால் விடுவது கடினம், நெடுநாள் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். ஆகவே பெரியம்மாவும் தன் பாட்டில் அதை நிறுத்தக் கூடாது.

வைத்தியரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இரவில் கால்களை ஆட்டாமல் இருக்க முடியாமை, தைரொயிட் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, மாதவிடாய் மாறுகிற காலத்துச் சூடு, மனச்சோர்வு எல்லாம் நித்திரையைக் கெடுக்கும். அவற்றைச் சோதித்துத்தான் அறியலாம். களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். தேவையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். உயிரை வெறுக்கிற நினைப்பு எந்த இரவிலாவது வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் 1926ஐ அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். மற்றபடி, இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு காலையும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறக்குறைய எப்போது அயர்ந்தேன், எத்தனை தரம் எழும்பினேன், பகலில் என்ன குடித்தேன். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். வரிசையில் நின்று கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் அது உங்களுக்காகக் கதைக்கும்.

அன்புடன்,
அக்கா