மழை பெய்தும் ஈரம் தங்காத நிலம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் நிலத்தின் மேட்டுப் பகுதி இறுகிக் கிடக்கிறது, மழை பெய்தாலும் புல் முளைப்பதில்லை. கிணற்றுப் பாசனம் உள்ள தாழ்வான பகுதியில் மண் வெள்ளையாகப் பூக்கிறது. இது பாலைவனமாதலா? மரம் நட்டால் மீளுமா? பக்கத்திலுள்ள பொது மேய்ச்சல் நிலத்துக்கு அரசிடம் எந்த மாதிரித் திட்டம் கேட்க வேண்டும்?

பதில்: வறண்ட பகுதி என்றால், ஆம், இது அதன் தொடக்கம்தான். பாலைவன மணல் நகர்ந்து வந்து மூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். 1994-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையோ, வறண்ட பகுதிகளில் தட்பவெப்பம், மனிதச் செயல்கள் உள்ளிட்ட காரணங்களால் நிலம் வளம் இழப்பதையே பாலைவனமாதல் என்கிறது. உங்கள் நிலத்தில் இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. ஒன்றுக்குச் செய்யும் மருத்துவம் மற்றதற்கு உதவாது.

முதலில் மேட்டுப் பகுதி. தாளையும் சருகையும் அகற்றி, புல் விதை கட்டுமுன் மேயவிட்டு, திரும்பத் திரும்ப உழுத மண்ணில் மழைத்துளி நேராக அடிக்கிறது. மண்கட்டி உடைந்து, நுண்துகள் துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணோடு ஓடிவிடுகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே 10 கன மீட்டர் போய்விட்டது என்று கணக்கு.

இறுகிய மேலோட்டை உடைக்க மறுபடி உழுவது தற்காலிக வேலை. மழைக்காலத்துக்கு முன்பே 20–30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழத்தில், 70–80 செ.மீ. இடைவெளியில் குழிகள் எடுங்கள். எடுத்த மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல் அணைத்து, குழிக்கு இரண்டு கை மட்கிய எரு இட்டு அதிலேயே விதையுங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் உழவர்கள் ‘ஸாய்’ என்ற இம்முறையால் கட்டாந்தரையை மீட்டிருக்கிறார்கள். மணற்பாங்கான நிலத்துக்கு இது ஆகாது, குழி சரிந்துவிடும். கூடவே சமஉயரக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில், கல் வரப்பு போடலாம். மட்டத்தைக் கண்ணால் குறிக்காதீர்கள். நீர் நிரப்பிய குழாயால் பாருங்கள். வரப்பு ஓரிடத்தில் தாழ்ந்தாலும் ஓடும் நீரெல்லாம் அங்கே திரண்டு ஓடையாக அரித்துவிடும்.

வெள்ளை பூக்கும் பகுதியில் ஜிப்சம் வாங்குமுன் மண்ணைச் சோதியுங்கள். சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடிக் குவளையில் உள்ள மழைநீரில் போட்டு, அசைக்காமல் விடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் மிகுந்த களர் என்று சந்தேகிக்கலாம். நீர் தெளிவாக இருந்தாலும் உப்பு இல்லை என்று பொருளில்லை. கரையும் உப்பு மிகுந்த உவர் மண் கலங்காது. ஆய்வகத்தில் நீர் தெவிட்டக் குழைத்த மண்ணிலிருந்து எடுத்த சாற்றின் மின்கடத்துத்திறன் 4 டெசிசைமன்/மீட்டரைத் தாண்டினால் உவர். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல், மண்துகளில் ஒட்டியுள்ள பரிமாற்றச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர்.

உவருக்கு வடிகால் வெட்டி, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். ஜிப்சம் வீண் செலவு. களருக்கு ஜிப்சம் அவசியம், அளவை ஆய்வகம் சொல்லும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விடுவித்த பிறகே நீர் அதை அடித்துச் செல்லும். இரண்டுக்கும் வடிகால் இல்லையென்றால், உப்பு அடுத்த கோடையிலேயே மேலேறிவிடும்.

மரம்? எங்கும் நாற்று நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வறட்சியில் பெரும்பாலானவை காய்ந்துபோகும். நீர் அதிகம் இழுக்கும் மரமானால் கிணறும் இறங்கும். மண்ணுக்குள் உயிரோடிருக்கும் பழைய வேர்க்கட்டைகளைத் தேடுங்கள். ஒரு கட்டையில் நேரான 3 முதல் 5 தளிர்களை விட்டு, மற்றவற்றைக் கழித்து, கால்நடை கடிக்காமல் காப்பதே போதும். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 50 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு இப்படித்தான் மரங்கள் திரும்பின. மரம் அரசுடைமை என்றிருந்தவரை உழவர்கள் தளிரைக் காக்கவில்லை. தன் வயலில் வளர்வது தனக்கே என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் காத்தார்கள்.

ஆகவே பொது மேய்ச்சல் நிலத்துக்கு நாற்று எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். யார், எப்போது, எத்தனை கால்நடைகளை மேய்க்கலாம் என்ற எழுத்துப்பூர்வ உரிமை, சுழற்சியில் மூடிவைக்கும் பகுதிகள், மூடிய காலத்துக்கு மாற்றுத் தீவனம், முதலாண்டுக்குப் பிறகும் பராமரிப்பு நிதி ஆகிய நான்கையும் கேளுங்கள். மாற்றுத் தீவனம் இல்லாத தடை இரவு மேய்ச்சலில்தான் முடியும். திட்டம் தொடங்கும் முன்பே நிலப்போர்வை (நிலத்தை மூடியிருப்பது புல்லா, மரமா, வெறும் தரையா என்பது), விளைதிறன், மண்ணின் கரிமக் கார்பன் மூன்றையும் அளந்து பதியச் சொல்லுங்கள். கெடும் நிலத்துக்கு ஈடாக நிலத்தை மீட்டு, மொத்த இழப்பைத் தடுக்கும் ‘நிலச்சீரழிவுச் சமநிலை’ என்ற உலக இலக்கும் இவற்றைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பணம் குறைவு என்றால், இன்னும் கெடாத துண்டைக் காப்பதற்கே முதலில் செலவிடச் சொல்லுங்கள். மீட்பதைவிட அது மிகவும் மலிவு.