வளைவில் வண்டி பேச்சைக் கேட்க மறுக்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழைக்காலம் நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்தான்: ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது. இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறோம். பின் டயர்களுக்கு முன்பாகவே முன் டயர்களின் பிடிமானம் தீர்ந்துபோகிறது. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை ஃப்ரண்ட் வீல் டிரைவ். இன்ஜின் எடையும், இழுக்கும் வேலையும், திருப்பும் வேலையும் முன் டயர்கள் தலையில்தான். பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே அடங்கிவிடும் என்பதால், கம்பெனிகளும் தெரிந்தே இந்தப் பக்கம் சாய்த்துத்தான் அமைக்கின்றன. அதனால் லேசாக இருந்தால் அது வண்டியின் பிறவிக்குணம். நேற்றுவரை இல்லாமல் இன்று வந்திருந்தால்தான் தேட வேண்டும்.

போடிமெட்டு இறக்கத்தில் வளைவுக்கு வளைவு வண்டி வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. மெக்கானிக் அண்ணன் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா சார்? (தேனி)

கொஞ்சம் பொறுங்கள். வளைவின் எந்த இடத்தில் ஒதுங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பிரேக்கில் கால் இருக்கும்போது, நுழையும் இடத்திலேயே ஒதுங்கினால் அது பெரும்பாலும் ஓட்டும் முறை. ஒரு டயர் தரும் பிடிமானத்துக்கு எல்லை உண்டு. பிரேக் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் திருப்பத்துக்கு. வளைவுக்கு முன்னால், சாலை நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கை விட்டபடி திருப்புங்கள். பிரேக்கும் இல்லாமல், ஆக்சிலரேட்டரும் மிதிக்காமல், வளைவின் நடுவில் ஒதுங்கினால் டயர், காற்று, அலைன்மென்ட் (வீல்கள் நிற்கும் கோணங்கள்), சஸ்பென்ஷன் என்று வரிசையாகப் பாருங்கள். வெளியேறும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் ஒதுங்கினால் காரணம் உங்கள் வலது கால்.

ஷாக் அப்சார்பர் போயிருந்தால் அடையாளம் வேறு. வழவழப்பான வளைவில் ஒழுங்காகப் போகும் வண்டி, மேடுபள்ளம் உள்ள வளைவில் மட்டும் முன்பக்கம் குதித்துக் குதித்து ஒதுங்கும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவும் தெரியலாம். இரண்டும் இல்லையென்றால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே வளைவில் 40-க்குப் பதில் 50-ல் போனால், டயர் தர வேண்டிய பக்கவாட்டுப் பிடிமானம் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடுகிறது. பத்து கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். ஒதுங்கத் தொடங்கியபின் இன்னும் இன்னும் ஒடிப்பதால் பயன் இல்லை. ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கை லேசாகத் தளர்த்துங்கள். டயர் மறுபடி கடிப்பது கைக்குத் தெரியும், அப்போது திருப்புங்கள்.

வலது பக்க வளைவில் மட்டும் இந்தத் தொல்லை. இடது பக்கம் அழகாகத் திரும்புகிறது. (திருமங்கலம்)

அருமையான தடயம் கொடுத்திருக்கிறீர்கள். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது முன் டயர் மேல் விழுகிறது. நம் சாலைகளில் தார் பெயர்ந்த ஓரமும் பள்ளமும் இடது பக்கம்தான் அதிகம். அதனால் அடி வாங்குவதும் பெரும்பாலும் இடது முன் வீல்தான். சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.

இரண்டு முன் டயர்களிலும், தரையில் படும் பட்டையின் வெளி ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரைக்கும் சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு போடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில் ஒரே மிதமான வேகத்தில் இடதும் வலதுமாகச் சில வட்டம் அடித்துவிட்டு இறங்கிப் பாருங்கள். சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடிந்து தரையில் தேய்ந்திருக்கிறது. பல டயர்களின் தோள்பட்டை ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். இடது டயரில் அதைத் தாண்டி அழிந்து, வலது டயரில் தாண்டாமல் நின்றிருந்தால், இடது டயரில் காற்றுக் குறைவு, அல்லது கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு) கெட்டு வீலின் மேல்பகுதி வெளியே சாய்ந்திருக்கிறது. பிறகு டயர் பட்டையை உள்ளங்கையால் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பப் பல்லாகச் சுரண்டினால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீல்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, சரியில்லை.

அலைன்மென்ட் கடையில் "ஓகே சார்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் கேட்டு வாங்கி, இடது வலது கேம்பரை ஒப்பிடுங்கள். சின்னக் கார்கள் பலவற்றில் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வசதியே கிடையாது. டோவை மட்டும்தான் மாற்ற முடியும். அப்படிப்பட்ட வண்டியில் கேம்பர் மாறியிருந்தால் வீலைத் தாங்கும் பாகங்களில் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது: ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், அதன் புஷ், பால் ஜாயின்ட். அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் காசுதான் கரையும்.

கதவில் டயர் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று ஸ்டிக்கர் இருக்கிறது. பங்கில் மதியம் பார்த்தால் 37 காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் குறைத்துவிடுகிறார்கள். (வில்லாபுரம்)

தயவுசெய்து குறைக்க விடாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ளது குளிர்ந்த டயருக்கான அளவு. மதுரை வெயிலில் ஓடிவந்த டயரில் நான்கு பி.எஸ்.ஐ. கூடுவது இயல்பு. அப்போது 33-க்கு இறக்கினால் மறுநாள் காலையில் 29-தான் இருக்கும். காற்றுக் குறைந்த முன் டயரின் பக்கச்சுவர் வளைவில் மடியும். ஸ்டியரிங் சொன்னது டயருக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜ் வாங்கி, காலையில் வண்டியை நகர்த்தும் முன் பாருங்கள். எனக்கு வரும் புகார்களில் எதற்கும் நான் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான்.

நைட்ரஜன் அடித்தால் சரியாகுமா?

ஆகாது. அளவு சரியாக இருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

இப்போதைக்கு இரண்டு புது டயர் வாங்கத்தான் வசதி. முன்னால் போடவா, பின்னால் போடவா? அகலமாக வாங்கவா? (அனுப்பானடி)

பின்னால் போடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் முதலில் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்துவது எல்லாராலும் ஆகாது. முன்பக்கம் வழுக்கினால் வேகம் குறைத்தாவது மீளலாம். அதற்காக மொட்டை டயர் முன்னால் இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. டயர் பட்டையின் பள்ள ஆழத்துக்குச் சட்டத்தின் எல்லை 1.6 மி.மீ. என்றாலும், தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். முன் டயரில் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் எப்பாடுபட்டாவது நான்கையும் மாற்றுங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரம். பட்டை ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

அகல டயர் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. தேங்கிய தண்ணீரில் அது சீக்கிரம் மிதக்கவும் செய்யும். அதே சைஸில் ஈரப்பிடிப்பு நல்ல டயராகப் பார்த்து வாங்குங்கள்.

குடும்பத்தோடு சிறுமலை ஏறும்போது, கொண்டை ஊசியிலிருந்து கிளம்பினால் முன் வீல் சுற்றிக்கொண்டு வண்டி வெளியே போகிறது. (வாடிப்பட்டி)

திண்டுக்கல்லிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது, பின் சீட்டும் டிக்கியும் நிறைந்திருந்தால் இன்னும் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன் வீல் லேசாகிவிடுகிறது. அந்த நேரம் முதல் கியரில் அழுத்தி மிதித்தால் உள்பக்க வீல் சும்மா சுற்றும். ஸ்டியரிங் நேராகத் தொடங்கியபிறகு கொஞ்சம் கொஞ்சமாக மிதியுங்கள். முழுப் பாரத்துக்கான காற்றளவை ஸ்டிக்கரில் பார்த்து, கிளம்பும் முன்பே பின் டயர்களில் ஏற்றிவிடுங்கள்.

காரைத் தாழ்த்தி ஸ்பிரிங் போட்டேன். பார்க்க சூப்பர், ஆனால் முன்பைவிட அதிகமாக ஒதுங்குகிறது. முன்னால் தடிமனான ஸ்டெபிலைசர் பார் போட்டால் சரியாகுமா அண்ணே? (அவனியாபுரம், கல்லூரி மாணவர்)

இன்னும் மோசமாகும் தம்பி. அந்த பார் இடது, வலது வீல்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி. முன் பார் இறுகினால் வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் போகும் பாரம் கூடும். பாரம் இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகவே ஏறும். அதனால் முன் டயர் இரண்டும் சேர்ந்து தரும் மொத்தப் பிடிமானம் குறைகிறது. பின் பாரை இறுக்கினால்தான் அண்டர்ஸ்டியர் குறையும். ஆனால் மழையில் பின்பக்கம் துள்ள வாய்ப்பு இருப்பதால் ரோட்டு வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். தாழ்த்தும்போது லோயர் ஆர்மின் கோணம் மாறி, வளைவில் சாயும்போது கிடைக்க வேண்டிய கேம்பர் கிடைக்காமல் போகிறது. டோவும் மாறிவிடுகிறது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு அலைன்மென்ட் செய்யுங்கள். வேகமாக வளைக்க ஆசையென்றால் கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, கம்பெனி அமைப்பிலேயே அங்கே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

டயர் புதுசு, எல்லாம் சரி. முதல் மழையில் மட்டும் முன்பக்கம் வழுக்கியது. (உசிலம்பட்டி)

வண்டியில் குறை இல்லை. கோடை முழுக்கச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் குழம்பி வழுக்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் பிடிமானம் ஓரளவு திரும்பும். அதுவரை வேகத்தைக் குறையுங்கள். அறுவடை நேரத்தில் கிராமத்து வளைவுகளில் காயும் நெல்லும் வைக்கோலும் அதே வேலையைத்தான் செய்யும். அதன் மேல் போயே ஆக வேண்டும் என்றால் பிரேக்கும் போடாமல், ஆக்சிலரேட்டரும் மிதிக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிதானமாகத் தாண்டுங்கள்.