புல் காய்ந்தால் பதற வேண்டாம்: வறட்சிக்காலக் கேள்வி-பதில்

பெங்களூரில் தனி வீடு. முன்புறம் 1,000 சதுர அடி கொரியன் புல். காவிரி நீரைத் தோட்டத்துக்கு விடத் தடை என்கிறார்கள். சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து விடலாமா?

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியிலும் அதே உத்தரவு வந்தது. கிணறு உங்களுடையது என்றாலும் அடியில் இருக்கும் நீர் தெருவுக்கே பொது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க 1 லிட்டர் வேண்டும். உங்கள் புல்வெளி 93 சதுர மீட்டர். கோடையில் அது பசுமையாக நிற்க வாரம் சுமார் 25 மில்லிமீட்டர், அதாவது 2,300 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வகுக்கின்றன. அப்படியானால் உங்கள் புல் ஒரு வாரத்தில் குடிப்பது ஒரு மனிதர் 17 நாள் புழங்கும் நீர். விடாதீர்கள் என்பதே என் பதில்.

புல் முழுவதும் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஒரு கொத்தைப் பிடுங்கி அடித்தண்டைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது, நொறுங்கினால் இல்லை. அருகம்புல் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு உறங்கும். கொரியன் புல்லும் தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் மீளும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மறுபயன்பாட்டு நீரில் (சுத்திகரித்த கழிவுநீர், துணி அலசிய நீர்) 10 மில்லிமீட்டர் கிடைத்தால் போதும். உறங்கும் புல்லை மிதிக்கவிடாதீர்கள்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களை நான் மறக்கவில்லை. அப்போது நான் கவனித்துவந்த ஒரு தோட்டத்தில் கிடைத்த கொஞ்ச நீரையும் புல்லுக்கே விட்டார்கள். மழை வந்ததும் புல் எப்படியும் துளிர்த்திருக்கும். ஓரத்தில் நின்ற இரண்டு வயது மகிழங்கன்றுதான் போய்விட்டது. கையில் ஒரு குடம் நீர் இருந்தால் இளமரத்தின் அடியில் ஊற்றுங்கள், அதன் மேல் சருகைப் பரப்புங்கள்.

அடுக்ககக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய நீரைப் பாய்ச்சலாமா? சிலர் நாற்றம் என்று எதிர்க்கிறார்கள்.

தாராளமாகப் பாய்ச்சலாம். நாற்றம் வந்தால் நிலையம் சரியாக இயங்கவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யச் சொல்லி எதிர்ப்பவர்கள் பக்கமே நில்லுங்கள். தெளிப்பானில் விசிறாமல் குழாயைத் தரையோடு வைத்து, விடியுமுன் பாய்ச்சுங்கள். தரை உலரும்வரை குழந்தைகளை விடாதீர்கள். இந்த நீரிலேயே தழைச்சத்து இருப்பதால் யூரியா வேண்டாம்.

வாஷிங் மெஷின் நீர்?

கடைசி அலசல் நீர் மட்டும், அன்றன்றே, இடம் மாற்றி மாற்றி. சோப்புத்தூளின் சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும்.

தோட்டக்காரர் தினமும் பத்து நிமிடம் நீர் தெளிக்கிறார். சரியா?

தடை இல்லாத ஊரிலும் இது தவறு. மேல் மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். அப்படிப் பழகிய புல்தான் ஒரு வார வெயிலில் கருகுகிறது. நேர்ப்பக்கமுள்ள நான்கைந்து டம்ளர்களைப் புல்வெளியில் வைத்து, எவ்வளவு நேரத்தில் ஒரு விரற்கடை நீர் நிறைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அவ்வளவு நேரம் ஒரேமூச்சில் பாய்ச்சிவிட்டுக் காத்திருங்கள். நடந்தால் காலடித் தடம் நிமிராமல் கிடக்கும்போது அடுத்த முறை. வெட்டும் உயரத்தையும் கூட்டுங்கள். உயர்ந்த புல் தன் வேருக்குத் தானே நிழல்.

புல்லே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் புல் போடலாமா?

வேண்டாம். வெயிலில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், வீட்டையும் சூடாக்கும். பொடுதலை நடுங்கள். வரப்போரம் தானாகப் படரும் நம் ஊர்ச் செடி. தரையோடு தரையாகப் பரவும், வேர் பிடித்தபின் புல்லைவிடக் குறைந்த நீரில் நிற்கும். முதல் மழை இறங்கியதும் தண்டுகளை ஓரடி இடைவெளியில் ஊன்றினால் போதும். பூக்கும்போது தேனீக்கள் வரும்; அந்த நாட்களில் குழந்தைகள் செருப்போடு விளையாடட்டும்.