சம்பளம் வேறு, சேலை வேறு

கேள்வி: எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, பெருக்கித் துடைக்கும் அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் தோறும் சேலையும் கேக்கும் கொடுக்கிறோம். சம்பளம் மூன்று வருடமாக 3,000 ரூபாய்தான். பண்டிகைக்குச் செய்வது போதாதா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் கணக்கு. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம். மணிக்கு 58 ரூபாய்கூட வரவில்லை. எட்டு மணி நேர நாளுக்கு 460 சொச்சம். உங்கள் ஊரில் சித்தாள் கூலி எவ்வளவு என்று ஒரு கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். அதைவிடக் குறைந்தால் இந்த மாதமே உயர்த்துங்கள். சமமாக இருந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். சித்தாளுக்கு ஒரே இடத்தில் வேலை. இவர் நான்கு வீடு ஏறி இறங்குகிறார், நடக்கிற நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பளிப்பாகக் காட்டக்கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினர் பற்றி வெளியிட்ட ஏடு (1965, எண் 8). சேலை கொடுங்கள், ஆனால் அது சம்பளக் கணக்கில் சேராது.

மனக்கசப்பு பெரும்பாலும் பிடித்தத்தில்தான் தொடங்கும். நீங்கள் ஒரு வாரம் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு அந்த வாரச் சம்பளத்தைப் பிடிப்பது சரியல்ல. வீட்டைப் பூட்டியது நீங்கள், அவர் லீவு போடவில்லை. 6,000 ரூபாய் முன்பணத்துக்கு மாதம் 1,500 பிடித்தால் பாதிச் சம்பளம் போய்விடும்; அவர் வெளியே வட்டிக்கு வாங்குவார். 500 வீதம் ஒரு வருடத்தில் கழியுங்கள், இருவர் கையிலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை, பிடித்தம் இல்லாமல். விருந்தாளி வந்து பாத்திரம் இரட்டித்தால் அன்றைக்கே தனியாகக் கொடுங்கள். (தனி டம்ளர் வைத்திருந்தால், அதை இன்றே எடுத்துவிடுங்கள்.)

கூலியைப் பொழுது சாயுமுன் கொடு, அவர் அதையே நம்பியிருக்கிறார் என்கிறது விவிலியத்தின் இணைச்சட்ட நூல் (உபாகமம்) 24:15. மாதச் சம்பளக்காரருக்கு இதன் பொருள், சொன்ன தேதி தவறக்கூடாது. ஒன்றாம் தேதி ஞாயிறு என்றால் சனிக்கிழமையே கொடுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம்; பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, 60-க்குப் பின் ஓய்வூதியம் உண்டு. ஆன்லைன் விண்ணப்பத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து நீங்களே பதிந்து கொடுங்கள்.

கேள்வி: தவக்காலத்தில் எங்கள் அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) சார்பாக 20 குடும்பங்களுக்குப் பத்துப் பத்துக் கிலோ அரிசி கொடுக்கிறோம். சிலர் அதை விற்றுவிடுகிறார்கள். நன்றி கெட்டதனம் இல்லையா?
- வாசகர், திருச்சி

பதில்: அரிசி ரேஷனில் இலவசமாகவே கிடைக்கிறது. விற்றார்கள் என்றால் தேவை வேறு என்று அர்த்தம். எண்ணெய், பருப்பு, பிரஷர் மாத்திரை, கேஸ் சிலிண்டர், பஸ் காசு. போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஏழைகளுக்கு உதவ 1833-இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் பழக்கம் நல்ல வழி: இருவர் இருவராக வீடு தேடிப் போவது, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது. ஒருவர் மட்டும் போனால் தன் விருப்பு வெறுப்புப்படி முடிவு எடுப்பார். ஐந்து பேர் போனால் தெருவே எட்டிப் பார்க்கும். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கட்டும் என்கிறது இணைச்சட்டம் 24:10-11. கடன் கொடுத்தவனுக்கே அந்த எல்லை. அழைத்தால் மட்டும் உள்ளே போங்கள். பையை நீட்டும் போட்டோ வேண்டவே வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளையின் வகுப்புத் தோழன் அதை வாட்ஸ்அப்பில் பார்ப்பான்.

இருபது குடும்பத்துக்கு ஒரு முறை கொடுப்பதைவிட, அதே பணத்தில் நாலு குடும்பத்துக்கு ஐந்து மாதம் துணை நிற்பது மேல்.

கேள்வி: தெரிந்த தையல்காரர் மெஷினை அடகாக வைத்துக்கொண்டு 5,000 ரூபாய் தரச் சொல்கிறார். செய்யலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: மெஷினை வாங்காதீர்கள். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்குவது உயிரையே அடகு வாங்குவது என்கிறது இணைச்சட்டம் 24:6. தையல்காரருக்குப் பிழைப்பே மெஷின்தான். ஆட்டோக்காரரின் ஆர்.சி. புக்கும் அப்படித்தான். வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையாக, 2,000 என்றால் 2,000, வட்டியில்லாமல் கொடுங்கள். மீதிக்கு, வீட்டில் சிறு நகை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கேட்க அவரோடு கூடப் போங்கள்.